வரும் சீசனில் நம் அணி

ஒவ்வொரு வருஷமும் லீக் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சார்ட் தாளில் எங்கள் கால்பந்துக் கிளப்பின் நிலவரத்தை எழுதி, டயர்க் கடைச் சுவரில் ஒட்டுவேன். தலைப்பு மாறாது. வரும் சீசனில் நம் அணி. யார் போனார்கள், யார் வந்தார்கள், யாருடைய கால் எத்தனை ஆட்டம் தாங்கும், பன்னிரண்டு அணிகளில் நாம் எத்தனையாவதாக முடிப்போம். நான்கு வருஷம் எழுதினேன். நான்கு வருஷமும் ஓர் இடம் முன்னே பின்னே சரியாக இருந்தது. எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது. பையன்கள் எனக்கு வைத்த பெயர் கருநாக்கு.

ஐந்தாவது வருஷத் தாள் மேஜையில் வெறுமையாகக் கிடந்தது.

சீசனுக்குப் பதினொரு நாள் இருந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். கேப்டனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. நடுவில் ஆடிய அண்ணன் தம்பியில் அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அண்ணன் இல்லாவிட்டால் பந்தை யாருக்குக் கொடுப்பது என்று தம்பிக்குத் தெரியாது, அவனும் நின்றுவிட்டான். தடுப்பாட்டத்தில் இருந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்று கல்யாணமாகிப் போனது. மற்றது இருக்கிறது. மிச்ச மூன்று பேர் ஏன் போனார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவனுக்குக் கண்ணாடி போட்டால்தான் பந்து தெரியும். போடாமல் ஆடுகிறான்.

கடைசி இரண்டு இடம் பிடிக்கிற அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். போன வருஷம் நாங்கள் ஒன்பதாவது.

கிளப்பின் தலைவர் டயர்க்காரர். கீழே அவருடைய கடை, மேலே எங்கள் அறை. தாள் எங்கே என்று தினமும் கேட்டார். திங்கட்கிழமை கொஞ்சம் அழுத்தியே கேட்டார்.

“நல்லபடியா எழுதுங்க தம்பி. போன வருஷம் மாதிரி சாவு நோட்டீஸ் கணக்கா...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு ஒரு டயரைத் தட்டிப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் வருவது எரிச்சல் மட்டும்தான். அதுவும் சின்ன விஷயங்களுக்கு. மூடி சரியாகப் பொருந்தாத பேனா. சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தும் ஆட்கள்.

பகலில் நான் குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை ஏற்றி, அது வெடிக்கும்வரை அழுத்தம் கூட்டி, எந்த அளவில் வெடித்தது என்று எழுதுவது வேலை. கல்லூரியில் புள்ளியியல் படித்தேன். கிளப்பின் தாளையும் அந்தப் படிப்பை வைத்துத்தான் எழுதுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி உண்மை. எத்தனை கோல், எந்தப் பக்கம், எந்த நிமிஷம் என்பதெல்லாம் என்னுடையது. கால்கள் அவளுடையது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஆட்ட நாட்களில் நீல ஐஸ் பெட்டியோடு எங்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். புதிதாக ஒருவன் சேர வந்தால் அவனை மாடிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்வாள். வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படிகள், பதினேழு. செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் கீழேயே விட்டுவிட வேண்டும். சனிக்கிழமை காலையில் அவளே அறையைத் துடைப்பாள், அதனால் தரை விஷயத்தில் கறாராக இருந்தாள். அவன் ஏறி வரும்போது தலையைக்கூடத் திருப்ப மாட்டாள். இறங்கும்போது எழுந்து போய், மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்று பார்ப்பாள்.

“ஏறும்போது எல்லாரும் சிங்கம்தான்,” என்பாள். “இறங்கும்போதுதான் முட்டி வாயைத் திறக்கும்.”

வீட்டுக்கு வரும் வழியில் சொல்வாள். அந்த உயரமானவன் பத்து ஆட்டம், அதற்குமேல் போகாது. குட்டையானவனுக்கு இடது கணுக்கால் பழைய சுளுக்கு, மழைத்தரையில் இறக்காதே. நான் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வேன். வீட்டுக்குப் போனதும் எழுதுவேன்.

போன சீசனில் ஏழு ஆட்டங்கள் மிச்சம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு நோயாளியின் தோளைப் பிடித்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். இருபத்தொன்பது வயது. எட்டு மாதம் ஆகிறது.

அதற்குப் பிறகு யாரும் பூட்ஸைக் கழற்றுவதில்லை. அறைத் தரையில் காய்ந்த சேறு சில்லுச் சில்லாகக் கிடக்கும்.

கொக்கு அவளுடைய தம்பி. எங்கள் கோல்கீப்பர். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது கம்பத்தில் கை வைத்து ஒற்றைக் காலில் நிற்பான், அதனால் அந்தப் பெயர். பார்சல் ஆபீஸில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறான். புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் என் வீட்டுக்கு வருவான். ஞாயிறும் வருவான். குளிப்பான், நான் சமைத்ததைச் சாப்பிடுவான், சோபாவில் கால் நீட்டித் தூங்குவான்.

“இதுல உப்பு போட்டீங்களா மாமா, இல்ல தூரமா நின்னு காட்டிட்டு உள்ள வச்சிட்டீங்களா?”

என்னோடு பேசும்போது குரலைத் தாழ்த்தாத ஒரே ஆள் அவன்தான். மற்றவர்கள் எல்லோரும் தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோலப் பேசினார்கள். அவன் அம்மா, என் அத்தைகூட அப்படித்தான்.

அக்கா போனதிலிருந்து அவன் கிளப் மாடிக்கு மட்டும் வருவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கீழே நின்று கூப்பிடுவான். அவளுடைய ஐஸ் பெட்டி அங்கே இருக்கிறது. அதைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் வற்புறுத்தவில்லை. அந்தக் கடைசி ஏழு ஆட்டங்களில் அவனுக்கு வலது பக்கம் தாழ்வாக வந்த பந்துகள் ஐந்து உள்ளே போயின. அதற்கு முன் சீசன் முழுக்க மூன்று. மனம் சரியில்லை என்று என் நோட்டில் எழுதினேன்.

இப்போது அவன் போகப் போகிறான்.

முதல் டிவிஷனில் பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றுக்கு அணி இருக்கிறது. அவர்களுடைய கோல்கீப்பருக்குக் கை முறிந்துவிட்டது. கொக்கைக் கேட்டார்கள். கம்பெனி ஸ்டோரில் நிரந்தர வேலை, தங்க வீடு. பதிலுக்கு அவர்களிடம் உபரியாக இருந்த ஒரு ஸ்ட்ரைக்கரை எங்களுக்குக் கொடுக்கிறார்கள். போன சீசனில் பதினொரு கோல் போட்டவன். எங்கள் அணி மொத்தமும் சேர்ந்து பதினான்கு. டயர்க்காரர் இதைப் பேசி முடித்துவிட்டு, லாட்டரி விழுந்தவர்போல நடந்துகொண்டிருந்தார்.

கம்பெனி இருக்கும் ஊர் பஸ்ஸில் நான்கு மணி நேரம். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

இரண்டு படிவங்கள். ஒன்று கொக்கை விடுவிக்க, ஒன்று ஸ்ட்ரைக்கரை ஏற்க. இரண்டிலும் கிளப் செகரட்டரியான என் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருபத்திரண்டு பேர் பட்டியலோடு லீக் ஆபீஸில் கொடுக்க வேண்டும். நான் படிவங்களைப் பச்சை ஃபைலில் வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னேன். முத்திரை வரவில்லை. நகல் எடுக்க வேண்டும். அந்தப் பேனா எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆட்டம். ஸ்ட்ரைக்கர் இரண்டு கோல் போட்டான். இரண்டாவதைப் பார்த்த டயர்க்காரர் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப் பிடித்தார். அவர் மைதானத்துப் பம்பு ஆபரேட்டர், எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். அறை நிறைய வியர்வையும் சத்தமும். ஸ்ட்ரைக்கர் முகவரி, பிறந்த தேதியெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினான். நான் எழுந்து போய்க் கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். ஏன் போனேன் என்று தெரியாது. பழக்கம்கூட இல்லை, அது அவளுடைய பழக்கம்.

அவன் பக்கவாட்டில் திரும்பி இறங்கினான். ஒரு கை கம்பியில். ஒவ்வொரு படியாக, காலைப் பார்த்துப் பார்த்து.

எனக்குள் ஏதோ தளர்ந்தது. பசி எடுத்தது. வெளியே வெயில் இருப்பது தெரிந்தது. அது சந்தோஷம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. முட்டி போனவனை வாங்கிக்கொண்டு கோல்கீப்பரைக் கொடுக்க எந்தக் கிளப்பும் சம்மதிக்காது. கொக்கு எங்கும் போக வேண்டாம்.

புதன்கிழமை மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் கடைக்குப் போனேன். டயர்க்காரர் கல்லாவில் இருந்தார். கொக்கு வெளியே அடுக்கி வைத்த டயர்கள்மேல் உட்கார்ந்து, பயிற்சி ரத்தானதால் யாருடனோ போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது, எனக்கே கேட்டது.

“முட்டி போச்சா? நேத்துதானே ரெண்டு கோல் போட்டான்?”

“ஓடும்போது தெரியாது அண்ணே. இறங்கும்போதுதான் தெரியும். நான் பார்த்தேன்.”

“நீங்க பார்த்தீங்க.”

“அவ சொல்லிக் கொடுத்திருக்கா.”

டயர்க்காரர் கல்லாவை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. மச்சினன் போறது உங்களுக்குக் கஷ்டம். எங்களுக்கும் தெரியும். அதுக்காக இன்னொருத்தன் முட்டிய உடைக்காதீங்க.”

கொக்கு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

ஸ்ட்ரைக்கர் அடுத்த தெருவில் லாட்ஜில் தங்கியிருந்தான். டயர்க்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். வந்தவனிடம் எதையும் சொல்லாமல், மேலே மேஜையில் பச்சை ஃபைல் இருக்கும், எடுத்துக்கொண்டு வா என்றார். அவன் செருப்பெல்லாம் சேறு. அதைப் பார்த்துவிட்டு, முதல் படிக்கு முன்னாலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினான். வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

நாங்கள் மூன்று பேரும் கீழே நின்று பார்த்தோம்.

இறங்கினான். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கை பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தது. கம்பியைத் தொடவே இல்லை. கால்கள் பாட்டுக்கு வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, அவன் கீழே பார்க்காமலேயே. கடைசி மூன்று படிகளைக் குதித்தான். ஃபைலை டயர்க்காரரிடம் நீட்டினான்.

“வேற எதுவும் எடுக்கணுமா சார்?”

வேண்டாம் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை அவன் காலில் பூட்ஸ் இருந்தது. அடியில் குமிழ்கள் உள்ள பூட்ஸோடு இரும்புப் படியில் இறங்கினால் யாராக இருந்தாலும் வழுக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவார்கள். அன்றைக்கு இறங்கிய பதினாறு பேரும் அப்படித்தான் இறங்கியிருப்பார்கள். நான் ஒருவனை மட்டும் பார்த்தேன். அவள் பூட்ஸைக் கழற்றச் சொன்னது தரைக்காக இல்லை. நான்கு வருஷம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

டயர்க்காரர் ஃபைலை என்னிடம் நீட்டினார். பையன்கள் யாராவது இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள், அதுவே தேவலை. கொக்கு டயர்மேலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல் தெருவில் நடந்தான்.

அன்றிரவு அவன் வரவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்திருந்தேன். உப்பும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மாடியறையில் உட்கார்ந்தேன். இடது பக்கம் படிவங்கள். வலது பக்கம் சார்ட் தாள். தலைப்பை எழுதினேன். அதற்குக் கீழே கோடு போட்டேன். கோடு கோணலாக வந்தது, அழித்தேன், தாள் அழுக்கானது. கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடி ஓடி நின்றது.

படியில் யாரோ ஏறும் சத்தம். மெதுவாக வந்தது. டயர்க்காரரைப் பார்க்க வந்த வயதான ஆள் யாரோ வழி தவறி ஏறுகிறார் என்று நினைத்தேன்.

கொக்கு வந்து நின்றான். பார்சல் ஆபீஸிலிருந்து நேராக வந்திருக்கிறான். சட்டைத் தோளில் மூட்டைத் தூசி. காலில் செருப்பு இல்லை. அக்கா போட்ட சட்டம் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. ஐஸ் பெட்டி சுவரோரம் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை.

“கையெழுத்து போடுங்க மாமா.”

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

“நீங்க போட மாட்டீங்க. நாளைக்கு லீக் ஆபீஸ் போற வழில பஸ்ஸு பஞ்சர் ஆகும். இல்ல ஃபைல் மழைல நனையும். எனக்குத் தெரியாதா உங்களை?”

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன்.

நான் அந்த ஸ்ட்ரைக்கரின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்ததைச் சொன்னான். கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டார்கள் என்றான். அம்மா பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு, தினமும் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சமைத்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறாள் என்றான். எல்லாவற்றையும் சத்தமாகத்தான் சொன்னான். கடைசியாகச் சொன்னதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அக்கா போயிட்டா மாமா. அவ இடத்துல என்னை உக்கார வச்சுக்கப் பாக்குறீங்க. நான் அவ இல்ல.”

திரும்பினான். போனான்.

ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். வாசலில் கைப்பிடியருகே போய் நின்றேன். அவன் கோபத்தில் இருந்தான். நான் பார்ப்பேன் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

வலது காலை ஒரு படி கீழே வைத்தான். இடது காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர்த்தான். மறுபடி வலது. மறுபடி சேர்த்தான். இரண்டு கையும் கம்பியில் இருந்தன. தோள் ஒவ்வொரு படிக்கும் ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. வெறுங்கால். ஆறு படி எண்ணினேன்.

அவன் எட்டு மாதமாக ஏன் மாடிக்கு வரவில்லை என்று அப்போது தெரிந்தது. வலது பக்கம் தாழ்வாகப் போன ஐந்து பந்துகளும் தெரிந்தன. கொக்கு ஒற்றைக் காலில் நிற்பான் என்று ஊரெல்லாம் சிரித்தது. எந்தக் காலில் என்று நான் ஒருநாளும் குறித்ததில்லை.

“நில்லுடா.”

நின்றான். திரும்பவில்லை.

“எத்தனை நாளா?”

“என்னது?”

“வலது முட்டி.”

கம்ப்ரஸர் ஓடி நின்றது. அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். உட்காரவும் கம்பி வேண்டியிருந்தது. நான் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். அவன் உச்சந்தலை தெரிந்தது. அவளுக்கும் அங்கே இரட்டைச் சுழி உண்டு.

ஒன்றரை வருஷம் என்றான். முட்டிக்குள் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. கண்டுபிடித்ததே அக்காதான், இதே படியில் வைத்து. ஸ்கேன் எடுத்தது அவள் ஆஸ்பத்திரியில். மூட்டை தூக்கிக்கொண்டே ஆடினால் இரண்டு மூன்று வருஷத்தில் நடக்கவே முடியாது என்றாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைக்கும்வரை வெளியே மூச்சு விடாதே என்றாள். அவள் கை பட்டவரை படி ஏறி இறங்க முடிந்தது, அவள் போனபிறகுதான் இப்படி ஆனது. பஸ் கம்பெனிக்கு முதல் கடிதம் எழுதிப் போட்டதும் அவள்தான். அவர்களுக்கு இப்போதுதான் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு சீசன் எப்படியும் ஒப்பேற்றிவிடுவேன், அதற்குப் பிறகு ஆடாவிட்டாலும் ஸ்டோர் வேலை போகாது, எழுத்தில் வாங்கிவிட்டேன் என்றான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அவதான் வேணாம்னா.”

“என்ன சொன்னா?”

கொக்கு கொஞ்சம் யோசித்தான். சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும்.

“‘அவர்கிட்ட சொன்னா சார்ட்டுல எழுதிடுவாரு’ன்னா.”

எழுதியிருப்பேன். கோல்கீப்பர், வலது முட்டி, அதிகபட்சம் ஒரு சீசன். அடிக்கோடு போட்டிருப்பேன். டயர்க் கடைச் சுவரில் ஒட்டியிருப்பேன். கணிப்பு சரியாக வந்ததற்குச் சந்தோஷமும் பட்டிருப்பேன். ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தொரு பேர் கால்களைச் சொன்னவள், ஒன்றை மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டாள். அவளிடம் சண்டை போட வேண்டும்போல இருந்தது. எட்டு மாதத்தில் அவளிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை. சொல்வதற்கு ஆள் இல்லை.

“கம்பெனி டாக்டர் பார்க்க மாட்டாரா?”

“பிரஷர் பாப்பாரு. நாக்கை நீட்டச் சொல்வாரு. நாக்கு நல்லாத்தான் இருக்கு.”

“அவங்ககிட்ட சொல்லணும்டா. ஏமாத்துறது இது.”

“சொல்லுங்க. நேத்து ஒருத்தன் முட்டிய உடைச்சீங்க. இன்னிக்கு என் முட்டியா? யாரு நம்புவா?”

“ஸ்கேன் எங்க இருக்கு?”

கேட்டவுடன் அவன் திரும்பினான். படியில் உட்கார்ந்தபிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

“உங்க வீட்லதான். அவ மேஜைல, கீழ் டிராயர்.” பிறகு சொன்னான்: “எடுத்துக் காட்டுனா நம்புவாங்க. அப்புறம் நான் எங்கயும் போக முடியாது. புதன்கிழமை, ஞாயித்துக்கிழமை வருவேன். உங்க இஷ்டம்.”

அந்த மேஜையை எட்டு மாதமாக நான் தொடவில்லை. மேலே தூசி ஒரு விரல் இருக்கும்.

டிராயரைத் திறந்தால் அவன் இங்கேயே இருப்பான். பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குவான். அடுத்த வருஷம் அதுவும் முடியாது, என் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து உப்பு இல்லை என்பான். எனக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. முந்தாநாள் எந்த முட்டியும் இல்லாத இடத்தில் ஒரு முட்டியைப் பார்த்தவன் நான். இன்றைக்கு நிஜமாகவே ஒன்று கிடைத்திருக்கிறது, சாட்சியோடு.

எழுந்து உள்ளே போனேன். பேனா எழுதியது. இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவனுடையதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவன் மை காய ஊதினான். லீக் ஆபீஸில் தானே கொடுப்பதாகச் சொல்லிச் சட்டைக்குள் வைத்தான்.

“ஊசி ஏதாவது போட்டுக்கறியா?”

“ம்.”

“ஐஸ் வைக்கணும். ஆட்டம் முடிஞ்ச உடனே. வீட்டுக்குப் போய் இல்ல.”

“தெரியும் மாமா.”

ஐஸ் பெட்டியைக் கொண்டுபோகிறாயா என்று கேட்டேன். வேண்டாம், அங்கே ஃபிரிட்ஜ் இருக்கும் என்றான். கம்பியைப் பிடித்து எழுந்தான். வலது காலை நீட்டியவன் அப்படியே நிறுத்தினான்.

“பாக்காதீங்க மாமா.”

உள்ளே திரும்பிக்கொண்டேன். மிச்சம் பதினொரு படி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சத்தம்.

அதன்பிறகு தாளை எழுதினேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏழு பேர் போனதை எழுதினேன். கோல்கீப்பர் முதல் டிவிஷனுக்குப் போகிறார், வாழ்த்துகள் என்று எழுதினேன், அதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இரண்டாவது கோல்கீப்பருக்கு உயரம் போதாது, ஆனால் இரண்டு பக்கமும் விழுவான். கண்ணாடிக்காரனைக் கண்ணாடியோடு ஆடச் சொல்ல வேண்டும். தடுப்பில் உள்ள மற்ற ஓட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்ற வேண்டும். ஸ்ட்ரைக்கரின் கால்கள் நன்றாக இருக்கின்றன, சீசன் முழுவதும் தாங்கும். இதை எழுதும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணக்கில் இன்னும் ஒரு சீசன்கூட முழுதாக நிற்க முடியாத ஒருவனைக் கொடுத்துவிட்டு, பதினொரு கோல் போட்டவனை வாங்கியிருந்தோம். பரிமாற்றத்தில் எங்களுக்கு லாபம். ஆறாவது இடம்.

ஐந்து வருஷத்தில் நான் எழுதிய மிக நல்ல கணிப்பு அது. எழுதியதை எழுத்து எழுத்தாகக் கிழிக்க வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே லீக் ஆபீஸில் பட்டியலையும் ஸ்ட்ரைக்கரின் படிவத்தையும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ் பஞ்சராகவில்லை. டயர்க்காரர் தாளைச் சுவரில் ஒட்ட ஏணி பிடித்தார். ஆறு என்ற எண்ணைப் பார்த்து விரலால் தொட்டுப் பார்த்தார், ஈரம் காயவில்லையோ என்பதுபோல. கருநாக்கு இப்படி எழுதினால் அது பலித்தே தீரும் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பிறகு என் தோளில் கை வைத்து, புதன்கிழமை சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசும் குரல்.

தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. ஏணியில் நின்றபடியே எழுதினேன். மாடிக்கு வருபவர்கள் இனிமேல் காலணிகளைக் கீழே விட்டுவிட்டு வரவும்.

“தரை ரொம்ப மோசமாயிடுச்சுல்ல?” என்றார் டயர்க்காரர்.

“ஆமாண்ணே,” என்றேன்.